பிஸ்வாஸ் தாதாவின் கால் கட்டைவிரல்

1

ஊரிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஜெயிலைப் பற்றி. அடுத்தது முதலையைப் பற்றி. மூன்றாவதாக, சம்பளத்தோடு தீவுப் படி எவ்வளவு என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். லம்பா லைனில் இந்த வீடு உனக்கு எப்படிக் கிடைத்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமலே நானாகச் சொல்ல ஒரு கதை வைத்திருந்தேன். இன்று காலையோடு அந்தக் கதை பாழாய்ப்போனது. ஆகவே திருத்தி எழுதுகிறேன்.

இன்று என் மனைவி செல்லம்மாள் கப்பலிலிருந்து இறங்கிய நாள். கல்யாண நாளை நாங்கள் இரண்டு பேரும் பல வருஷம் மறந்திருக்கிறோம். இந்த நாளை மறக்க வழியில்லை, ஏனென்றால் விடிந்ததும் பிஸ்வாஸ் தாதா மீனோடு வந்து நின்றுவிடுவார். தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வயதில் என்னைவிடக் கொஞ்சம் பெரியவர், சத்தத்தில் ரொம்பப் பெரியவர். நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத திருநெல்வேலிக்காரர்கள். அதனால் அவர் பின்கட்டுத் தாழ்வாரத்தில் தனி அடுப்பு வைத்து மீன் சமைப்பார், வாசலில் வைத்துச் சாப்பிடுவார், பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து என்னோடு சீட்டாடித் தோற்பார். வருஷா வருஷம் இதுதான் திருவிழா.

என் மகள் கோமதி அவரை ஜேட்டு என்கிறாள். பெரியப்பா என்று சொல் என்றால், "ஏக் ஹி பாத் ஹை, அப்பா" என்கிறாள். இரண்டும் ஒன்றுதானாம். தமிழ் எழுதச் சொன்னால் எழுத்துகளை வரைகிறாள். கணக்கு ஹிந்தியில் போடுகிறாள், சண்டை வங்காளத்தில் போடுகிறாள், பசித்தால் மட்டும் தமிழ் வருகிறது. அதுவரைக்கும் சந்தோஷம்.

2

நானும் பிஸ்வாஸும் இந்தத் தீவுக்கு வந்தது ஒரே நாளில். அவர் கல்கத்தாக் கப்பலில், நான் மதராஸ் கப்பலில். இரண்டும் அதிசயமாக ஒரே காலையில் வந்து சேர்ந்தன. அலுவலகத்தில் ஒரே மேஜையில் ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிக் கையெழுத்துப் போட்டோம். அந்த நட்பான காரியம் பின்னால் எவ்வளவு பெரிய தலைவலியாகும் என்று அப்போது தெரியவில்லை. அரசாங்கத்தின் கண்ணில் எங்கள் இருவருக்கும் சீனியாரிட்டி ஒன்று.

குடும்பம் இல்லாத குமாஸ்தாக்கள் எல்லாரும் ஒரு நீளமான மரக் கொட்டகையில் இருந்தோம். மேலே தகரக் கூரை. அதற்குப் பெயர் மெஸ். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அரசாங்கம் தீர்த்து வைக்காத எதையும் சீட்டு தீர்த்து வைக்கும். தண்ணீர் குறைந்த நாளில் யார் முதலில் குளிப்பது, ஜன்னலோரக் கட்டில் யாருக்கு, ஒழுகும் கட்டில் யாருக்கு, எல்லாவற்றுக்கும் சீட்டுதான். அங்கே காசு வைத்து ஆடினால் லாங் ஐலண்ட் என்ற ஒதுக்குப்புறத் தீவுக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. ஆகவே கடற்கரையில் பொறுக்கிய சோழிகளை வைத்து ஆடுவோம்.

ஆட்டத்தின் பெயர் தீன் பத்தி. நம் சந்தையில் துண்டை விரித்து ஏமாற்றுவானே, அந்த மூன்று சீட்டு அல்ல. இது கௌரவமானது. ஆளுக்கு மூன்று சீட்டு. நம் கை நல்ல கை என்று நினைத்தால் சோழி வைத்துக்கொண்டே போகலாம், பயந்தால் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். சீட்டைப் பார்க்காமலே கவிழ்த்து வைத்தும் ஆடலாம். பார்க்காதவன் ஒன்று வைத்தால் பார்த்தவன் இரண்டு வைக்க வேண்டும். எங்கள் மெஸ்ஸில் இன்னொரு சட்டமும் உண்டு: பார்க்காமல் ஆடுகிறவனிடம் 'கையைக் காட்டு' என்று கேட்கக் கூடாது. அவன் விலக வேண்டும், அல்லது நீ விலக வேண்டும், அல்லது ஒருவனுடைய சோழி தீர வேண்டும்.

மெஸ்ஸில் ஒழுங்காக ஆடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று குருப், ஒற்றப்பாலத்துக்காரர், பேசவே மாட்டார். இன்னொன்று நான். குருப்போடு ஆடினால் சோழிகூட அளந்துதான் வைப்பேன். ஆட்டம் முடிந்து எழுந்தால் பரீட்சை எழுதிய களைப்பு இருக்கும்.

பிஸ்வாஸ் ஆடுவதே வேறு. அவர் சீட்டைப் பார்ப்பதே இல்லை. தந்திரம் ஒன்றும் கிடையாது. பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்பதுதான் காரணம். ஊரில் கிடைக்கும் ஹில்சா மீன் இங்கே கிடைக்காததைப் பற்றிப் பேசிக்கொண்டே சோழிகளை வைப்பார், எல்லாம் தீர்ந்ததும் "அரே, ஃபிர் கயா?" என்று ஆச்சரியப்படுவார். மறுபடியும் போச்சா என்று அர்த்தம். அந்த ஆச்சரியம் ஒரு நாளும் குறைந்ததில்லை.

3

லம்பா லைனில் ஒரு குவார்ட்டர்ஸ் காலியானது. தகுதியுள்ளவர்கள் இரண்டு பேர், நானும் அவரும். என்னுடைய தேவை பெரியது. செல்லம்மாள் கல்யாணமான நாள் முதல் கோவில்பட்டியில் என் அம்மாவோடும் என் இரண்டு அக்காமாரோடும் ஒரே சமையலறையில் இருந்தாள். வீடு கிடைத்தால் வருகிறேன், கிடைக்காவிட்டால் அப்பா வீட்டுக்குப் போய் டீச்சர் ட்ரெய்னிங் சேர்ந்துவிடுவேன் என்று எழுதிவிட்டாள். செல்லம்மாள் சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை. பிஸ்வாஸின் தேவை, என் பார்வையில், மீன். மெஸ்ஸில் சாம்பார் சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டது, தனக்கென்று ஒரு அடுப்பு வேண்டும் என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

நான் அதிகாரியைப் பார்க்கப் போனேன். என் ஹிந்தி அப்போது புதுசு. 'நீங்கள்' என்பதற்கும் 'நீ' என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல், "நீதான் எனக்கு வீடு தர வேண்டும்" என்று பணிவோடு கேட்டிருக்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். இரண்டு பேரும் பேசி முடித்து ஒருவர் பெயரை மட்டும் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஃபைல் டில்லிக்குப் போகும், அது திரும்பி வரும்போது உங்களுக்கு ஓய்வு பெறும் வயதாகியிருக்கும் என்றார்.

வழக்கம்போல மெஸ் கூடி முடிவு செய்தது. ஞாயிற்றுக்கிழமை பகல், பிஸ்வாஸும் நானும், சோழி தீரும் வரை. குருப் நடுவர்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஆட்டத்துக்கு முன்பே செல்லம்மாளுக்குத் தந்தி அடித்தேன், வீடு ஆயிற்று, அடுத்த கப்பலில் ஏறு என்று. எதிரே உட்காரப்போவது குருப்பாக இருந்தால் செத்தாலும் அடித்திருக்க மாட்டேன். பிஸ்வாஸ்தானே! சீட்டைப் பார்க்காத மனிதரோடு ஆடுவதற்கு முடிவு வரும்வரை எதற்காகக் காத்திருப்பது என்று தோன்றியது. அதோடு நின்றேனா? அபர்தீன் பஜாரில் காதர் பாய் கடைக்குப் போனேன். அவர் கீழக்கரைக்காரர். மதராஸ் கப்பலில் அம்மிக்கல் ஒன்று வந்திருந்தது. அம்மி இல்லாத வீட்டுக்குச் செல்லம்மாள் வந்தால் அரைபடப் போவது நான்தான். வாங்கிவிட்டேன்.

"வீடு கிடைச்சிருச்சா மாப்ளே?" என்றார் பாய்.

"கிடைச்ச மாதிரிதான் பாய்."

"மாதிரிக்கா அம்மி வாங்குறீய?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே தூக்கி வந்தேன். சாக்கைப் போட்டு மூடி என் கட்டிலுக்கு அடியில், தேங்காயெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தேன். ஒருவருக்கும் தெரியாது என்று நம்பினேன். அந்த டின்னில் எண்ணெய் தானாகவே குறைந்துகொண்டு வந்தது அப்போதே எனக்குத் தெரியும். மெஸ்ஸில் எல்லா எண்ணெயும் அப்படித்தான் குறையும்.

4

ஞாயிற்றுக்கிழமை பிஸ்வாஸ் நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வலது கால் கட்டைவிரலில் பெரிய கட்டு. என்ன ஆயிற்று என்று குருப் கேட்டார். "குச் நஹி, குச் நஹி" என்று, ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை ஆட்டினார். நான் கேட்கக்கூட இல்லை. என் மனசு பூராவும் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் இருந்தது. செல்லம்மாளின் கப்பல் மதராஸை விட்டுக் கிளம்பி நடுக்கடலுக்கு வந்துவிட்டது. இனி அதை எந்தத் தந்தியாலும் திருப்ப முடியாது. இருந்தும் எனக்குக் கவலை இல்லை.

ஆரம்பத்தில் சோழிகள் என் பக்கமாகவே வந்தன. அதுதான் வினை. குருப்போடு ஆடினால் பத்துக் கையில் ஏழு கையைச் சோழி வைக்காமலே போட்டுவிடுகிற நான், பிஸ்வாஸ் எதிரே உட்கார்ந்ததும் ஒன்றையும் போடவில்லை. எந்தக் குப்பை வந்தாலும் 'இவருக்கு இது போதும்' என்று தோன்றியது. எதிராளி மட்டமாக ஆடுவது நமக்கு லாபம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அவர் மட்டமாக ஆடுகிறார் என்று தெரிந்ததும் நாமும் மட்டமாக ஆட அனுமதி கிடைத்த மாதிரி ஆகிவிடுகிறதே, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு மிரட்டிப் பார்த்தேன். கையில் ஒன்றுமில்லாமல், எல்லாம் இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கைநிறையச் சோழி வைப்பது. குருப்பிடம் இது பலிக்கும். அவர் என் முகத்தைப் பார்ப்பார், கணக்குப் போடுவார், விலகிப்போவார். பிஸ்வாஸ் என் முகத்தைப் பார்த்தால்தானே! அவர் கடுகெண்ணெய் எப்போது புகைய வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். சுவரை மிரட்டி விரட்ட முடியுமா? மூன்று முறை மிரட்டினேன். மூன்று முறையும் அவர் பாட்டுக்குச் சோழி வைத்தார். என் சோழி தீர்ந்துவிடும் போலிருந்ததால் நானே விலகிக்கொண்டேன். குவியலில் பாதி போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இந்த மனிதர் இத்தனை நாள் நடித்திருந்தால்? வீடு என்றதும் உண்மையான ஆட்டத்தை வெளியே எடுத்திருந்தால்? உற்றுக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்தால் அகப்படாமல் போகுமா? அவர் சில சமயம் குனிந்து கட்டைவிரலைத் தடவினார். தடவிய பிறகு சோழி அதிகமாக வைத்தார். நல்ல கை வரும்போதெல்லாம் தடவுகிறார் என்று கண்டுபிடித்தேன். அவர் கையைப் பார்க்கவே இல்லையே என்ற சின்ன விஷயம் என் கண்டுபிடிப்பைத் துளியும் அசைக்கவில்லை. நான் குழம்பியிருந்த நேரத்தில் திருட்டுத்தனமாகப் பார்த்திருப்பார் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கையில் என் சீட்டை எடுத்தேன். ராஜா, ராணி, ஜாக்கி. வரிசை. இதை வெல்லும் கை அபூர்வமாகத்தான் வரும். நான் நான்கு வைத்தேன். பிஸ்வாஸ் சீட்டைக் கவிழ்த்து வைத்தபடியே கைநிறைய அள்ளி வைத்தார். நான் அதற்கு இரட்டிப்பு வைத்தேன். அவர் குனிந்தார். கட்டைவிரலைப் பிடித்து அழுத்தித் தடவினார், "ஆஹ்" என்று முனகினார், நிமிர்ந்து இரண்டு கையாலும் சோழிகளை நடுவில் தள்ளிவிட்டார்.

இந்தக் கை போனால் வீடு போச்சு, வீடு போனால் செல்லம்மாள் போச்சு. புத்திசாலி என்ன செய்வான்? விலகி, மிச்சத்தைக் காப்பாற்றி, நல்ல நேரத்துக்குக் காத்திருப்பான். நான் புத்திசாலி. ராஜா, ராணி, ஜாக்கியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன்.

பிஸ்வாஸின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அரே, க்யோன் ஃபேங்கா?" ஏன் போட்டாய் என்று கத்தினார். கத்திக்கொண்டே தன் சீட்டைத் திருப்பினார். இரண்டு, ஐந்து, ஒன்பது. ஒன்றோடு ஒன்று பேசாத மூன்று சீட்டு.

அவர் என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஆடியது நான் இல்லை, என் கோபம். குருப்பிடம் தோற்றால் சலாம் போட்டு எழுந்திருப்பேன். பிஸ்வாஸிடம் தோற்பதா என்ற ஆத்திரத்தில் எதை வைத்தேன், எதைப் போட்டேன் என்றே தெரியவில்லை. டீ வருவதற்குள் என் முன்னால் ஒரு சோழிகூட இல்லை. குருப் அன்று ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "ஞான் இங்ஙனயொரு களி கண்டிட்டில்லா." இப்படியொரு ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லையாம்.

5

சாத்தம் ஜெட்டியில் செல்லம்மாள் இறங்கியபோது அவள் முகம் கடல்பயணத்தில் வெளுத்துப்போயிருந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு இட்லிக் கொப்பரை, ஒரு முருங்கைக் கொம்பு. "வீடு பெரிசா, அத்தான்?" என்றாள். முருங்கையை நட இடம் இருக்கிறதா என்பதுதான் கவலை. நான் முருங்கைக் கொம்பை வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்தேன். அன்று பட்ட வெட்கத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிஸ்வாஸ் நொண்டி நொண்டி வந்தார். கையில் சாவி, கயிறு கட்டியிருந்தது. "நமஸ்தே பாபி" என்று அவளை அண்ணி முறை சொல்லிக் கும்பிட்டுவிட்டு, மெஸ்ஸில் கற்ற தமிழும் ஹிந்தியுமாக என்னிடம் சொன்னார்: "சங்கர் பாபு, வீடு பார்த்தேன். முஜே நஹி சாஹியே, வேண்டாம். மேலே தகரம். மழை வந்தா நீந்த் இல்லே, தூக்கம் இல்லே. நீ எடுத்துக்கோ. சண்டே மட்டும் பின்னாலே எனக்கு ஒரு சூல்ஹா, அடுப்பு."

மெஸ்ஸிலும் மேலே தகரம்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. மழை கொட்டும்போது அவர் குறட்டை மழையைவிடக் கேட்கும் என்பதும் தோன்றவில்லை. ஒரு அசடு வீட்டை ஜெயித்து, அதன் அருமை தெரியாமல் தூக்கிக் கொடுத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷமும் அகப்பட்டவர்களிடம் எல்லாம், சீட்டில் தோற்றும் வீட்டை வாங்கிய கெட்டிக்காரனாகவே என்னைச் சொல்லி வந்திருக்கிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மீன் வாடைக்குச் செல்லம்மாள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு வேலிப்பக்கம் போய் உட்கார்ந்தாள். ஒரு மழைக்காலம் போவதற்குள் அவருக்குக் கடுகு அரைத்துக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அதுவும் தன் அம்மியில். கேட்டதற்கு, "கடுகு சைவந்தான அத்தான்? அதுக்கப்புறம் அவிய அத எதுல போட்டா நமக்கென்ன?" என்றாள். முருங்கை அடுப்புக்குப் பக்கத்தில் வளர்ந்து தாழ்வாரத்துக்கு மேலே போய்விட்டது.

6

இன்று காலை அந்தத் தாழ்வாரத்தில்தான் கோமதி ஓடிவந்து அம்மியில் காலை இடித்துக்கொண்டாள். கட்டைவிரல். "அம்மா!" என்று தமிழில் அலறினாள். பிஸ்வாஸ் தாதா மீனை அப்படியே விட்டுவிட்டு அவள் காலைப் பிடித்து ஊதினார்.

"ரோ மத், அழாதே பேட்டி. இந்தக் கல்லு என்னையும் கடிச்சிருக்கு. உன் அப்பா இதைக் கட்டிலுக்குக் கீழே ஒளிச்சு வெச்சிருந்தான். நான் தேல், எண்ணெய் எடுக்கப் போனேன். தடால்!"

நான் ஷேவிங் செய்துகொண்டிருந்தேன். பாதிக் கன்னத்தில் கத்தி நின்றுவிட்டது. ஆட்டத்தன்று அவர் கட்டைவிரலில் இருந்த கட்டு கண் முன்னால் வந்தது. என் எண்ணெயைத் திருடியது யார் என்பது இருக்கட்டும். அம்மியை அவர் ஆட்டத்துக்கு முன்பே பார்த்துவிட்டார். ஆம்பிளை ஒருத்தன் தனக்காக அம்மி வாங்க மாட்டான் என்பது வங்காளத்திலும் தெரியும்.

"தாதா," என்றேன், "இவ வரப்போறான்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"அம்மி தெரிஞ்சா பாபி தெரியாதா?"

"அப்போ சீட்டைப் போட்டுட்டுப் போயிருக்கலாமே! எதுக்கு அள்ளி அள்ளி வெச்சிய?"

பிஸ்வாஸ் தாதா என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நான் எப்போ சீட்டு போட்டிருக்கேன்? போட்டா உனக்குப் புரிஞ்சிடும், தாதா பிச்சை போட்டான்னு. நீ வாங்க மாட்டே. உனக்கு மூக்கு மேலே கோபம். அதனாலே ஸோச்சா, நினைச்சேன், எப்பவும் போல ஆடலாம். எப்பவும் போல ஹாரூங்கா, தோத்துடுவேன். சீக்கிரம் தோக்கணும்னு ரெண்டு கையாலே வெச்சேன். தும்னே ஃபேங்க் தியா, நீ போட்டுட்டே!" பழைய வலி வந்தது போல நெற்றியில் அடித்துக்கொண்டார். "உன்னை ஜெயிக்க வைக்க எவ்ளோ கஷ்டப்பட்டேன் தெரியுமா, சங்கர் பாபு?"

சமையலறைப் பக்கமிருந்து செல்லம்மாள் எட்டிப் பார்த்தாள். "எனக்கு எப்பவோ தெரியும். அன்னிக்கு நொண்டிக்கிட்டே பெட்டியத் தூக்குனாவ, கொப்பரையத் தூக்குனாவ, அம்மிய மட்டும் தொட மாட்டேன்னுட்டாவ. என்னன்னு கேட்டேன், சொன்னாவ. அத்தான்கிட்ட சொல்லாண்டாம், மனசு கஷ்டப்படும்னாவ."

"அதுக்கு இத்தன வருஷமா?"

"நீங்க அந்தக் கதைய எவ்ளோ ஆசையாச் சொல்லுதிய. நடுவுல நான் எதுக்குக் கெடுக்க?"

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கன்னத்தைத் துடைத்துக்கொள்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து வழக்கம்போல உட்கார்ந்தோம். கோமதி கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு சீட்டைக் கலைத்துப் போட்டாள். பிஸ்வாஸ் தாதா தன் சீட்டைத் தொடாமல் ஒரு சோழி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு நீ போட்டது என்ன சீட்டு?"

இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "ராஜா, ராணி, ஜாக்கி."

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த குவார்ட்டர்ஸிலிருந்து தெலுங்குக்காரர் எட்டிப் பார்த்தார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து, என் தோளில் ஒரு அடி வைத்தார்.

என் முன்னால் மூன்று சீட்டு கவிழ்ந்து கிடந்தது. எடுக்கக் கை போனது. எடுக்கவில்லை. ஒரு சோழியை எடுத்து வைத்தேன்.

"அப்பா, சீட் தேகோ!" என்றாள் கோமதி, சீட்டைப் பார்க்கச் சொல்லி.

"இருக்கட்டும், பிள்ள."

அன்றைக்கு இப்படிப் பார்க்காமல் ஆடியிருந்தால் வீடு எனக்கு நேராகவே கிடைத்திருக்கும். பிஸ்வாஸ் தாதா கிடைத்திருக்க மாட்டார். அவர் ஒன்று வைத்தார், நான் ஒன்று வைத்தேன். அவர் ஹில்சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், நான் கேட்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷத்தில் அந்த மீனுக்கு இவ்வளவு முள் உண்டு என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

செல்லம்மாள் காப்பியோடு வந்து நின்றாள். நடுவில் சோழி மலைபோலக் குவிந்திருந்தது, இரண்டு பக்கமும் சீட்டு கவிழ்ந்தே கிடந்தது.

"யாரு ஜெயிக்கிறா?"

"பத்தா நஹி, பாபி" என்றார் பிஸ்வாஸ் தாதா. தெரியாது என்று நானும் சொன்னேன். அவள் காப்பியை வைத்துவிட்டு ராத்திரி மீனுக்குக் கடுகு அரைக்கப் போனாள்.